காதுக்குள் வளரும் மரு: பயமும் வேண்டாம், கைவைத்தியமும் வேண்டாம்



நம் உறுப்பினர் ஒருவர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். நாலைந்து மாதமாக வலது காது அடைத்த மாதிரியே இருந்தது. "மெஷின் சத்தத்துல காது மந்தமாயிப் போச்சுங்க, பஞ்சும் போயிருக்கும்" என்று தானே முடிவு செய்துகொண்டார். கொண்டை ஊசியால் குடைந்தார். ரத்தம் வந்த பிறகுதான் டாக்டரிடம் போனார். உள்ளே பஞ்சும் இல்லை, அழுக்கும் இல்லை. மிளகு அளவுக்கு ஒரு மரு வளர்ந்திருந்தது!

"காதுக்குள்ள மரு வருமா?" என்று கூட்டத்தில் எல்லோரும் கேட்டோம். வரும். அதுதான் இந்த மாதப் பாடம்.

ஏன் வருகிறது?

காதுத் துளை சுமார் இரண்டரை செ.மீ. நீளம். அதன் கடைசியில் செவிப்பறை இருக்கிறது. துளை முழுக்கத் தோல்தான். அதனால் முகத்திலும் கழுத்திலும் வருகிற மச்சம், மரு, கட்டி எல்லாம் அபூர்வமாக அங்கேயும் வரலாம். அடியில் உள்ள எலும்பே சிறு முண்டாக வளர்வதும் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. மரு ஒரு வைரஸ் கிருமியால் வருவது. குடைந்து கீறல் விழுந்தால் கிருமி தொற்ற வழி கிடைத்துவிடும்.

எது செய்யக்கூடாது?

எருக்கம்பால், சுண்ணாம்பு, காய்ச்சிய எண்ணெய் எதையும் காதில் விடக்கூடாது. உட்புறத்தில் தோல் மிக மெல்லிசு. எலும்பின் மேலேயே ஒட்டியிருக்கிறது. புண்ணாகிவிடும், செவிப்பறையும் கெட்டுப்போகலாம். பட்ஸ், ஊக்கு, கொண்டை ஊசி எதுவும் வேண்டாம். காது அழுக்கு பொதுவாகத் தானாகவே வெளியே வந்துவிடும்.

எப்போது உடனே போக வேண்டும்?

- ஒரு காது மட்டும் அடைத்து, கேட்பது குறைந்தால்
- ரத்தம், சீழ், கெட்ட வாடை வந்தால்
- வலி விடாமல் இருந்தால்
- முகம் ஒரு பக்கம் இழுத்தால்

மெஷின் சத்தத்தால் வரும் மந்தம் பெரும்பாலும் இரண்டு காதிலும் மெல்ல மெல்ல வரும். போன கேள்வித்திறன் திரும்பாது. அடைப்பால் வரும் மந்தம் அப்படியல்ல. அடைப்பை எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகக்கூடியதை "வேலைக்குப் போனா இப்படித்தான்" என்று விட்டுவிடலாமா?

டாக்டர் என்ன செய்வார்?

விளக்கு வைத்த சிறு கருவியால் பார்ப்பார். தேவைப்பட்டால் ஸ்கேன் எடுப்பார். சின்ன வளர்ச்சியை மரத்துப்போக ஊசி போட்டே எடுத்துவிடலாம். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அந்த ரிசல்ட்டைக் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும். கெட்ட கட்டியா இல்லையா என்று உறுதியாகச் சொல்வது அதுதான்.

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டலாம். திருப்பூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அதன் மருத்துவமனைக்கும் போகலாம். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள் அங்கே காட்டலாம். ஒரு நாள் கூலி போகுமே என்று தள்ளிப்போட வேண்டாம். அவசரச் செலவுக்குத்தான் நம் குழுவில் உள்கடன் இருக்கிறது.

நம் சகோதரிக்கு ரிசல்ட்டில் சாதா மரு என்றே வந்தது. "இப்ப ரெண்டு காதும் நல்லாக் கேக்குதுங்க" என்கிறார்.

கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுவில் ஒரு காது மட்டும் மந்தமானவர் யார்? டாக்டரிடம் காட்டினாரா?
2. காது குடையும் பழக்கத்தை நம் வீட்டில் எப்படி நிறுத்துவது?