தேக்கங்கன்றும் தேனீயும்
ஒரே மரம் நட்ட காணியில் பூச்சிகளுக்கு என்ன நேர்கிறது?

நீண்ட இடப்பெயர்வின் பின் காணிக்குத் திரும்பும் குடும்பம் முதலில் காண்பது பற்றையையே. வீடு இருந்த இடத்தில் நாயுண்ணி, வயலில் விடத்தல், எல்லையில் வீரையும் பாலையும். இன்னும் திரும்ப முடியாத குடும்பங்களும் தம் காணி இப்படித்தான் கிடக்கும் என்று அறிவார்கள். வெளியாக்கிய பின் அங்கே எதை நடுவது? “தேக்கு நட்டால் பிள்ளைகளின் காலத்துக்குப் பணம்” என்பார்கள். அது பொய்யல்ல. ஆனால் காணி முழுவதும் ஒரே மரத்தை நட்டால், அந்தப் பிள்ளைகளுக்கு இன்று சோறும் கறியும் தரும் தோட்டத்துக்கு என்ன ஆகும்? இந்தப் பாடத்தில் அதை ஆராய்வோம். விடையின் பெரும்பகுதி பூச்சிகளிடம் இருக்கிறது.

எமது நிலம்

புல்லும் இடைக்கிடை மரமும் கொண்ட வெப்ப நிலத்தைப் புவியியல் நூல்கள் சவன்னா என்கின்றன. ஆபிரிக்காவிலும் பிரேசிலிலும் அது பரந்து கிடக்கிறது. வன்னியின் இயற்கைத் தாவரம் உலர்வலயக் காடு. எனினும் குளத்தைச் சுற்றிய புற்றரைகள், மாடு மேயும் தரவைகள், கைவிட்ட சேனைகள் ஆகியவை சவன்னாவை ஒத்தவை. வெயில் தரையில் விழ வேண்டும், பலவகைப் பூண்டுகள் வேண்டும் என்ற பூச்சிகள் இங்கேதான் வாழ்கின்றன. “வெறும் நிலம்” என்று நாம் சொல்வது உண்மையில் வெறுமையானதல்ல.

அவை செய்யும் வேலை

பூசணி, பாகல், புடோல், வெள்ளரி ஆகியவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. தேனீ வராவிட்டால் பிஞ்சு பழுத்து உதிரும். கத்தரிப் பூவின் மகரந்தம், கருவண்டு பூவைப் பிடித்து அதிரும்போது நன்றாகக் கொட்டும். அந்த வண்டு பட்ட மரத்தைத் துளைத்துக் குடியிருக்கிறது. பொந்துத் தேனீக்கு முதிர்ந்த மரத்தின் பொந்து வேண்டும்.

சாணி வண்டு சாணத்தை மண்ணுக்குள் புதைத்து உரமாக்குகிறது, ஈப் பெருக்கத்தையும் குறைக்கிறது. அவுஸ்திரேலியாவின் உள்ளூர் வண்டுகளால் மாட்டுச் சாணத்தைச் சமாளிக்க முடியவில்லை. எனவே அந்நாடு 1960களின் பிற்பகுதியிலிருந்து வெளிநாட்டு வண்டுகளைக் கொண்டுவந்து விட்டது. எமக்கு அது இலவசமாகவே கிடைத்திருக்கிறது. கறையான் செத்தையை மண்ணாக்குகிறது. சிறு குளவிகள் நெற்பீடைகளின் முட்டைக்குள் தம் முட்டையை இட்டு அவற்றை அழிக்கின்றன.

ஒரே மரம் வந்தால்

தேக்கு எமது தீவின் இயற்கை மரமல்ல. கொண்டுவந்து நட்ட மரம். வவுனியா நகரில் தேக்கவத்தை என்றே ஓர் இடம் உண்டு. முல்லைத்தீவிலும் தேக்கந் தோட்டங்கள் உள்ளன. திறந்த நிலத்தில் இப்படி ஒரே மரத்தை நெருக்கி நட்டால் மூன்று மாற்றங்கள் வருகின்றன.

முதலாவது நிழல். இலைக் கூரை மூடியதும் புல்லும் பூண்டும் குன்றுகின்றன, வெயில் தேடும் பூச்சிகள் விலகுகின்றன.

இரண்டாவது உணவு. தேக்குப் பூவையும் தேனீ நாடும். ஆனால் ஒரே பருவத்தில் பூத்து முடிந்தால் மற்ற மாதங்களில் தேனீ எங்கே போகும்? புழுக்களின் நிலையும் இதுவே. எருக்கலை இலையில் வளரும் வண்ணத்துப்பூச்சி தேக்கிலையில் வளராது.

மூன்றாவது, ஒரே உணவை விரும்பும் பூச்சிக்கு அது விருந்தாகிறது. கேரளத்தின் நிலம்பூரில் 1840களில் தேக்குத் தோட்டம் தொடங்கியது. மரம் தளிர்க்கும் காலத்தில் இலை தின்னும் புழுக்கள் பெருங்கூட்டமாகத் தோன்றிச் சில நாட்களில் மரங்களை மொட்டையாக்குவது அங்கே நெடுங்காலமாக அறிந்த தொல்லை. ஆகவே, பூச்சியே இல்லாமற் போவதில்லை. பல வகை குறைந்து, ஓரிரு வகை பெருகுகிறது. கேடு அங்கேதான்.

பிறர் கற்ற பாடம்

தென்னாபிரிக்காவில் புல்வெளிகளில் பைன், யூக்கலிப்ரஸ் நட்டவர்கள், தம் நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை நடாமல் விட்டுள்ளனர். தோட்டங்களுக்கு இடையே தொடர்ச்சியான புல்வெளிப் பாதைகள் ஓடுகின்றன. அகன்ற பாதைகளில் வண்ணத்துப்பூச்சிகளும் வெட்டுக்கிளிகளும் நன்கு தங்கியிருப்பதை ஆய்வாளர் கண்டனர்.

தாய்லாந்து, வியட்நாம், சீனா ஆகிய நாடுகளில் வயல் வரம்பில் எள்ளு முதலிய பூச்செடிகளை நட்டுச் செய்த ஆய்வு 2016இல் வெளியானது. கிருமிநாசினி தெளிப்பது 70 சதவீதம் குறைந்தது, விளைச்சல் 5 சதவீதம் கூடியது. எள்ளு எமக்குப் புதிய பயிரா?

நாம் செய்யக்கூடியவை

1. மரம் நடுவோம், ஆனால் காணி முழுவதும் ஒரே மரம் வேண்டாம். தேக்கை ஒரு பகுதியில் நட்டு, வேம்பு, புளி, முதிரை, நாவல், முருங்கை ஆகியவற்றையும் சேர்ப்போம். வெவ்வேறு மாதங்களில் பூப்பவையாகத் தெரிவு செய்வோம்.

2. குளத்தின் மேற்புறப் புற்றரையையும் தரவையையும் மர நடுகைக்குக் கொடுக்க வேண்டாம். அவை ஊரின் மேய்ச்சல் நிலம்.

3. காணி ஓரத்தில் பற்றையை ஒரு பட்டையாக விடுவோம். அயலவரின் பட்டையுடன் அது தொடர்ந்தால் இன்னும் நல்லது.

4. பொந்துள்ள முதிர்ந்த மரத்தையும், வீட்டுக்கு ஆபத்தில்லாத பட்ட மரத்தையும் புற்றையும் விட்டுவைப்போம். செத்தையை எரிக்காமல் கன்றுகளுக்கு மூடாக்கு இடுவோம்.

5. பூக்கும் நேரத்தில் கிருமிநாசினி தெளிப்பதைத் தவிர்ப்போம்.

செய்து பார்ப்போம்

காலையில் கால் மணி நேரம் ஒரு தேக்கந் தோட்டத்திலும், பின்னர் அதே அளவு நேரம் ஒரு பற்றை ஓரத்திலும் பிள்ளைகளுடன் இருந்து, கண்ட பூச்சி வகைகளை எழுதுங்கள். கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதியான இடத்தில் மாத்திரமே இதைச் செய்யுங்கள்.

கலந்துரையாட

• இடம்பெயருமுன் எமது ஊரில் தேன் எந்த மரங்களில் எடுத்தோம்? அவற்றில் எவை இன்று உள்ளன?

• எமது காணியில் எந்த மாதம் பூவே இல்லாத மாதம்? அதற்கு எதை நடலாம்?

• முப்பது ஆண்டின் பின் வரும் பணத்துக்கும் இந்த மாரியின் கறிக்கும் காணியை எப்படிப் பங்கிடுவது?

இந்தக் கடைசிக் கேள்விக்கு வெளியிலிருந்து வரும் எவரும் விடை சொல்ல முடியாது. கன்றுகளை இலவசமாகத் தருபவரிடமும் முதலில் அதையே கேளுங்கள். காணி உங்களுடையது. பசியும் உங்களுடையது. ஆகவே முடிவும் உங்கள் குடும்பத்தினுடையதாக இருக்கட்டும்.