வோல்ட்டும் ஆம்பியரும் சொல்லும் கணக்கு

திருவனந்தபுரத்தில் தம்பானூரை அடுத்துள்ள பவர் ஹவுஸ் சாலையை அறியாதவர் குறைவு. திருவிதாங்கூர் அரசு 1929ஆம் ஆண்டில் தலைநகருக்கு மின்சாரம் வழங்கத் தொடங்கிய காலத்தை நினைவூட்டும் பெயர் அது. 1940இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. இன்று மின்சாரம் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவும் இயலாது. ஆயினும் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மின்கட்டணச் சீட்டு வரும்போது, எந்தக் கருவி எவ்வளவு செலவழித்தது என்பதை நம்மில் பலர் அறியோம். எந்தப் பிளக் ஆபத்தில் இருக்கிறது என்பதையும் அறியோம். பள்ளியில் படித்த இரண்டு சூத்திரங்கள் இவ்விரண்டுக்கும் விடை தரும்.

நான்கு அளவுகள்

மின்சாரத்தைக் கம்பியில் உந்தும் அழுத்தம் மின்னழுத்தம். அதன் அலகு வோல்ட். கம்பியில் பாயும் அளவு மின்னோட்டம், அலகு ஆம்பியர். பாய்வதைத் தடுக்கும் பண்பு மின்தடை, அலகு ஓம். ஒரு நொடியில் செலவாகும் ஆற்றல் மின்திறன், அலகு வாட். முதல் இரண்டும் தெரிந்தால் மற்ற இரண்டையும் கணக்கிடலாம்.

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்
மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்

முதலாவது, ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் சைமன் ஓம் 1827இல் வெளியிட்ட விதியிலிருந்து பெறப்படுவது.

ஓர் எடுத்துக்காட்டு

குளியலறை வாட்டர் ஹீட்டர் ஒன்று 230 வோல்ட்டில் இயங்குகிறது. மின்பணியாளர் தம் கிளாம்ப் மீட்டரால் அளந்தபோது 10 ஆம்பியர் காட்டியது. அதன் மின்தடை 230 ÷ 10 = 23 ஓம். மின்திறன் 230 × 10 = 2,300 வாட், அதாவது 2.3 கிலோவாட்.

மாலையில் மின்னழுத்தம் 207 வோல்ட்டாகக் குறைந்தால் என்ன ஆகும்? சூடேற்றும் சுருளின் தடை ஏறத்தாழ மாறாது. ஆகவே மின்னோட்டம் 207 ÷ 23 = 9 ஆம்பியர்; மின்திறன் 207 × 9 = 1,863 வாட். அழுத்தம் குறைந்தது 10 விழுக்காடு. திறன் குறைந்ததோ 19 விழுக்காடு. இதனால் மின்சாரம் மிச்சமாகும் என்று எண்ண வேண்டா. நீர் சூடாகக் கூடுதல் நேரம் பிடிக்கும், அவ்வளவே.

கட்டணச் சீட்டில்

ஒரு கிலோவாட் கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட். மேற்கண்ட ஹீட்டர் நாள்தோறும் அரை மணி நேரம் இயங்கினால் 1.15 யூனிட், 60 நாள்களுக்கு 69 யூனிட்.

கேரளத்தில் இந்த எண்ணுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. வீட்டு இணைப்புகளுக்கான தற்போதைய முறையில், மாதம் 250 யூனிட் வரை படிப்படியாக உயரும் விகிதத்தில் கட்டணம் கணக்கிடப்படுகிறது. அந்த எல்லையைக் கடந்தால், முதல் யூனிட்டிலிருந்தே அனைத்துக்கும் ஒரே உயர்ந்த விகிதம் பொருந்தும். இரண்டு மாதங்களில் 520 யூனிட் செலவழிக்கும் குடும்பம், ஹீட்டரின் நேரத்தைச் சற்றே குறைத்தாலும் 500 யூனிட்டுக்குள் வந்துவிடலாம்.

கண்ணுக்குத் தெரியாத தடை

பிளக்கின் முனை சாக்கெட்டில் இறுக்கமாகப் பொருந்தாவிட்டால் அங்கே சிறு தடை தோன்றும். அது 0.2 ஓம் மட்டுமே என்று கொள்வோம். 10 ஆம்பியர் பாயும்போது அவ்விடத்தில் இழக்கும் அழுத்தம் 10 × 0.2 = 2 வோல்ட். ஹீட்டரின் வேலையில் வேறுபாடு தெரியாது. ஆனால் அங்கே வெப்பமாகும் திறன் 2 × 10 = 20 வாட். ரேடியோ பழுதுபார்ப்பவரின் சிறிய பற்றவைப்புக் கோல் ஒன்றின் வெப்பம் அது. சாக்கெட்டுக்குள் ஒரு புள்ளியில் குவிகிறது. பிளாஸ்டிக் பழுப்பாவதும், கருகுவதும், சில வேளைகளில் தீப்பிடிப்பதும் இதனால்தான்.

எம்.சி.பி. இதைத் தடுக்காது. மின்னோட்டம் அளவுக்கு மீறினால்தான் அது துண்டிக்கும். இங்கே மின்னோட்டம் சிறிதும் கூடவில்லை. கைக்குச் சூடாகும் பிளக், நிறம் மாறிய சாக்கெட், கருகல் வாடை ஆகியவையே நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கைகள். அவற்றைக் கண்டவுடன் மெயின் சுவிட்சை அணைத்து, உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைப்பதே முறை.

சிறிய சாக்கெட்டின் எல்லை 6 ஆம்பியர்; 230 × 6 = 1,380 வாட். பெரியதன் எல்லை 16 ஆம்பியர், 3,680 வாட். 2,000 வாட் தூண்டல் அடுப்புக்கு ஏறத்தாழ 8.7 ஆம்பியர் தேவை. மாற்று பிளக் மூலம் அதைச் சிறிய சாக்கெட்டில் இணைப்பது தவறு.

ஒரு வரம்பு

இக்கணக்கு ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி போன்ற சூடேற்றும் கருவிகளுக்கு நேராகப் பொருந்தும். மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி போன்ற மோட்டார் கருவிகளில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வரும் எண், உண்மைத் திறனைவிடக் கூடுதலாக இருக்கும். அவற்றுக்குக் கருவியின் தகட்டில் உள்ள வாட் அளவையே கொள்க.

பயிற்சி

230 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுக்கும் இஸ்திரிப் பெட்டியின் தடை என்ன? திறன் என்ன? நாளொன்றுக்கு 20 நிமிடம் சூடேறினால் 60 நாள்களில் எத்தனை யூனிட்?

விடை: 46 ஓம், 1,150 வாட், 23 யூனிட். சிறிய சாக்கெட்டில் இதைத் தனியாக இணைக்கலாம்; அதே சாக்கெட்டில் இன்னொரு சூடேற்றும் கருவியைச் சேர்க்கலாகாது.