தொண்டைக் குழாயில் ரத்தமா? "தானா நின்னுடும்" என்று இருந்துவிடாதீர்கள்!



மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு நெடுநாள் நினைவில்லாமல் கிடந்தவர், தொண்டையில் புற்றுநோய் கண்டவர் போன்றோருக்கு, மூச்சு விடக் கழுத்தின் முன்பக்கம் துளையிட்டு, மூச்சுக்குழலுக்குள் சிறு குழாய் ஒன்றை வைப்பார்கள். இதை டாக்டர்கள் டிரக்கியோஸ்டமி என்பார்கள். சிலர் அந்தக் குழாயுடனேயே வீடு திரும்புவார்கள். அதன்பின் பார்த்துக்கொள்வது நம்ம பொறுப்பு.

ஆப்பரேஷன் முடிந்த முதல் இரண்டொரு நாள் காயத்தில் கொஞ்சம் ரத்தம் கசிவது உண்டு. ஆஸ்பத்திரியிலேயே கவனித்துக்கொள்வார்கள். வீட்டில் சளி உறிஞ்சும்போது கோடு கோடாக ரத்தம் தெரிந்தால், பெரும்பாலும் உள்ளே காய்ந்திருக்கும். அல்லது உறிஞ்சும் குழாய் ஆழமாகப் போய் உரசியிருக்கும். அதையும் அன்றே கிளினிக்கில் சொல்லுங்கள்.

சிவப்பாகப் புது ரத்தம் வந்தால் விஷயமே வேறு. இதயத்திலிருந்து வலது கைக்கும் தலைக்கும் ரத்தம் கொண்டுபோகும் பெரிய ரத்தக்குழாய் மூச்சுக்குழலுக்கு முன்னால் குறுக்கே போகிறது. தொண்டைக் குழாயின் நுனியோ, அதிலுள்ள பலூனோ விடாமல் அழுத்தினால், நடுவிலுள்ள சுவர் தேய்ந்து ஓட்டை விழும். இது அபூர்வம்தான், ஆனால் உயிருக்கே ஆபத்து. முதல் 3, 4 வாரங்களில்தான் அதிகம் நேரும்; மாதங்கள் கழித்தும் வரலாம்.

பலருக்குப் பெரிதாகக் கொட்டுவதற்கு முன் கொஞ்சூண்டு ரத்தம் வந்து, தானாகவே நின்றுவிடும். "நின்னுடுச்சு, காலையில பார்க்கலாம்" என்று வீட்டார் படுத்துவிடுவார்கள். அங்கேதான் ஏமாந்து போகிறோம். அது எச்சரிக்கை மணி! மறுபடி கொட்டினால் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடலாம்.

செய்ய வேண்டியவை:

1. உடனே 999 கூப்பிடுங்கள். தோட்டத்தின் பெயர், டிவிஷன், எந்த வழியாக வரவேண்டும் என்று சொல்லுங்கள். சாலை முனையில் ஓர் ஆளை நிறுத்துங்கள்.

2. குழாயைக் கழற்றவே கூடாது. அதன் பலூனை ஊதித்தான் டாக்டர்கள் சில சமயம் ரத்தத்தை அடக்குவார்கள்.

3. நினைவோடு இருந்தால் உட்கார வையுங்கள். பழகியவர் ரத்தத்தை உறிஞ்சி எடுக்கட்டும்.

4. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவரானால் மறக்காமல் சொல்லுங்கள்.

எந்நாளும் குழாய் இழுபடாமல் பாருங்கள். சொல்லிக்கொடுத்த அளவுக்கு மேல் ஆழமாக உறிஞ்சாதீர்கள்.

ஒரு நாள் சம்பளம் போகுமே என்று தயங்காதீர்கள். டாக்டர் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்லே" என்று அனுப்பினால் நல்லதுதானே! போன சம்பளத்தை மறுபடி உழைத்துச் சம்பாதிக்கலாம், போன உயிரை?