சிறுவர் நூல்களும் எம் பிள்ளைகளின் வீடும்

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சிறிய பிள்ளைகளிடம் "எங்கள் வீடு" என்று ஒரு படம் கீறித் தரும்படி கேட்டிருந்தோம். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி மிக அழகாகக் கீறியிருந்தாள். சாய்ந்த கூரை, அதிலே புகைபோக்கி, வாசலில் ஒரு நாய், பூந்தோட்டத்தில் பொன்னிற முடியோடு ஒரு சிறுமி. அந்தப் பிள்ளை வசிப்பதோ மூன்றாம் மாடியில். அங்கே புகைபோக்கியும் இல்லை, நாயும் இல்லை.

"ஏன் பிள்ளை, உங்கடை வீட்டிலை சாமித்தட்டு இல்லையோ?" என்று கேட்டோம்.

"இருக்கு மாமா. ஆனால் புத்தகத்திலை வாற வீட்டிலை அது இருக்கிறதில்லை" என்றாள்.

அவள் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. சாதாரணமாகவே சொன்னாள். அதுதான் எம்மைக் கூடுதலாக யோசிக்க வைத்தது. வீடு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஒருவரும் பாடம் நடத்தவில்லை. அவள் புரட்டிய படப் புத்தகங்கள் சத்தமின்றி அதைக் கற்பித்துவிட்டன. ஒரு பிள்ளை தான் எங்கே சேர்ந்தவள் என்று அறிந்துகொள்வதில் சிறுவர் நூல்களுக்கு இவ்வளவு பங்கு இருக்குமானால், அந்தப் பங்கை நாம் எப்படி நல்வழியில் பயன்படுத்தலாம்? இதையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

கண்ணாடியும் யன்னலும்

அமெரிக்கப் பேராசிரியை றூடின் சிம்ஸ் பிஷப் 1990ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்றிலே சிறுவர் நூல்களுக்கு ஓர் உவமை கூறினார். ஒரு நூல் யன்னலாக இருக்கலாம். அதனூடாகப் பிள்ளை பிறருடைய உலகைப் பார்க்கிறது. அதே நூல் கண்ணாடியாகவும் இருக்கலாம். அதிலே பிள்ளை தன் முகத்தையே காண்கிறது. சில நூல்கள் தள்ளித் திறக்கும் கண்ணாடிக் கதவு போன்றவை. பிள்ளை கற்பனையால் உள்ளே சென்று வாழ்ந்துவிட்டு வரலாம். எந்த நூலிலும் தன் முகத்தைக் காணாத பிள்ளை, தன் வாழ்க்கைக்கு அவ்வளவு மதிப்பில்லை என்று எண்ணப் பழகும். தன் முகத்தை மட்டுமே காணும் பிள்ளையோ பிறரை மதிக்கப் பழகாது. ஆகவே இரண்டும் வேண்டும்.

எம் பிள்ளைகளுக்குப் பாடசாலை தருவது பெரும்பாலும் யன்னல். கண்ணாடிக்கு எங்கே போவது? தமிழ் நூல்தான் கண்ணாடி என்று நாம் உடனே பதில் சொல்லிவிடுகிறோம். அது முழுவதும் சரியா என்று பின்னர் பார்ப்போம். முதலில் இந்த நாட்டு ஆங்கில நூல்கள் இரண்டைப் பார்ப்போம்.

கழுத்தில் துண்டு கட்டிய கரடி

மைக்கேல் பொண்ட் எழுதிய பாடிங்டன் கரடியின் முதல் நூல் 1958இல் வெளிவந்தது. பெரு நாட்டிலிருந்து கப்பலில் ஒளித்து வந்த சிறு கரடி, இலண்டன் பாடிங்டன் நிலையத்தில் தன் பெட்டியோடு தனியே நிற்கிறது. தன்னைப் பார்த்துக்கொள்ளும்படி வேண்டும் துண்டு ஒன்று அதன் கழுத்திலே தொங்குகிறது. பிரவுண் குடும்பம் அதை வீட்டுக்கு அழைத்துச் செல்கிறது. கரடிக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. ஆனால் அது இங்குள்ளவர்களுக்கு விளங்காது. எனவே நிலையத்தின் பெயரே அதற்குப் பெயராகிவிடுகிறது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இலண்டனிலிருந்து கழுத்தில் பெயர்த்துண்டோடும் கையில் சிறு பெட்டியோடும் பாதுகாப்பான இடங்களுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளின் நினைவு இக்கதைக்குள் இருக்கிறது என்று ஆசிரியர் பின்னாளில் கூறியிருக்கிறார். பாடிங்டனின் உற்ற நண்பரான குறூபர் என்ற கடைக்காரரும் ஹங்கேரியிலிருந்து வந்து குடியேறியவர்.

எம் வீடுகளிலும் இக்கதை இருக்கிறதல்லவா? ஒரு பையோடு விமான நிலையத்தில் நின்ற அப்பா, பாடசாலையில் பெயர் சுருங்கிப்போன பிள்ளை, ஊரிலிருக்கும் மாமிக்கு எழுதிய கடிதங்கள். பாடிங்டனும் பெருவிலுள்ள தன் லூசி மாமியை மறக்கவில்லை. அவர் பழக்கிய மரியாதையையும் விடவில்லை. அப்படியிருந்தும் இலண்டன் வீட்டின் பிள்ளையாகவும் ஆகிவிட்டது. ஓரிடத்தைச் சேர்ந்தவராவதற்கு மற்ற இடத்தைக் கைவிடத் தேவையில்லை என்று எந்த உபதேசமும் இல்லாமல் இந்தக் கதை சொல்லிவிடுகிறது. கரடியின் கதையிலும் எம் பிள்ளை தன்னைக் காணலாம். ஆனால் அருகே இருந்து "தாத்தாவும் இப்பிடித்தான் வந்தவர்" என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

விட்டுவந்த முயல்

இரண்டாவது, ஜூடித் கேர் என்ற அம்மையார் எழுதியது. 1923இல் பேர்லினில் பிறந்தவர். அவருடைய தந்தை அல்பிரட் கேர், நாசிகளைக் கண்டித்து எழுதிய யூத எழுத்தாளர். 1933இல் குடும்பம் நாட்டை விட்டு வெளியேறி, சுவிற்சர்லாந்து, பாரிஸ் என்று அலைந்து 1936இல் இலண்டன் வந்து சேர்ந்தது. அதே 1933ஆம் ஆண்டில் தந்தையின் நூல்களும் பேர்லினில் எரிக்கப்பட்டன. அகதியாக வந்த அச்சிறுமிதான் பிற்காலத்தில், தேநீர் குடிக்க வந்த புலியின் கதையை 1968இல் எழுதி இந்நாட்டுக் குழந்தைகள் எல்லோருக்கும் சொந்தமானார்.

1971இல் அவர் தம் சிறுபராயத்தை நாவலாக எழுதினார். 'வென் ஹிட்லர் ஸ்டோல் பிங்க் றபிற்' என்பது அதன் பெயர். ஒன்பது வயது அன்னா புறப்படும்போது ஒரேயொரு விளையாட்டுப் பொருளைத்தான் எடுக்கலாம். புதிதாகக் கிடைத்த நாய்ப் பொம்மையை எடுத்துக்கொண்டு, நெடுநாள் கூட இருந்த இளஞ்சிவப்பு முயலை விட்டுவிட்டு வருகிறாள்.

இந்நூல் பிறந்த காரணம் எம் கவனத்துக்குரியது. ஜூடித் கேர் தம் பிள்ளைகளுடன் 'சவுண்ட் ஒஃப் மியூசிக்' படம் பார்க்கச் சென்றிருந்தார். பார்த்து முடித்ததும், அம்மா சிறுபிள்ளையாக இருந்த காலம் எப்படியிருந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது என்றானாம் எட்டு வயது மகன். அம்மாவுக்குத் திடுக்கிட்டுவிட்டது. உண்மையைத் தாமே எழுதிவைக்க வேண்டும் என்று அப்போது எண்ணினார்.

நாம் சொல்லாவிட்டால் எம் கதையையும் பிள்ளைகள் ஏதோவொரு படத்திலிருந்துதான் எடுத்துக்கொள்வார்கள். 1981 மே 31ஆம் நாள் இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் மழையில் நடந்தபோது, எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. மின்சாரமில்லாத ஆண்டுகளில் ஜாம் போத்தல் விளக்கில் படித்து வளர்ந்தவர்கள் எம்மில் பலர். அன்னாவின் முயல் எம்மிடமும் உண்டு. பிள்ளைகளுக்கு அதன் பெயர் தெரியுமா?

எம்மிடம் உள்ள செல்வம்

ஈழத்தில் சிறுவருக்கென நூல் செய்யும் வழக்கம் பழையது. ஆறுமுக நாவலர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே பாலபாடங்களைப் படிமுறையாக அச்சிட்டு வழங்கினார். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) ஆடிப்பிறப்பையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் பிள்ளைகளின் நாவிலே நடமாட விட்டார். தமிழகத்தில் அழ. வள்ளியப்பா (1922–1989) குழந்தைப் பாடலுக்கே தம் வாழ்நாளைக் கொடுத்தார்.

இங்கேதான் நாம் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். இப்பாடல்கள் எமக்குக் கண்ணாடி. இங்கு பிறந்த எம் பிள்ளைக்கோ அவை யன்னல். வெருளியை அவள் கண்டதில்லை. ஆடிப்பிறப்பு வரும் யூலை நடுப்பகுதியில் இங்கே பாடசாலை விடுமுறையும் இல்லை. கூழ் என்றால் என்ன என்று கேட்கிறாள். "எங்கடை பாட்டு, உனக்குத் தெரியாதோ?" என்று நாம் சலித்துக்கொண்டால், கண்ணாடியில் தன் முகம் தெரியவில்லை என்று அவளையே குற்றம் சொன்னதாகும்.

செய்யக்கூடியது எளிது. அன்று மாலை பயறும் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் சேர்த்துக் கூழ் காய்ச்சிப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, பிறகு அந்தப் பாட்டை வாசித்துக் காட்டுவோம். அடுத்த ஆண்டு அது அவளுடைய பாட்டாகவும் இருக்கும். யன்னல் கதவாவது இப்படித்தான்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. நாளுக்குப் பத்து நிமிடம் பிள்ளையை அருகே இருத்தி வாசித்துக் காட்டுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் ளகர ழகரப் பிழை திருத்த வேண்டாம். தமிழ்ப் புத்தகம் என்றாலே சோதனை என்ற எண்ணம் பிள்ளைக்கு வந்துவிட்டால், சோதனை முடிந்த அன்றே புத்தகமும் மூடப்பட்டுவிடும்.

2. ஆங்கிலக் கதையையும் தமிழில் பேசுங்கள். பாடிங்டனைப் பற்றி அம்மம்மாவுக்குத் தமிழில் சொல்லும் பிள்ளை, பாடசாலையையும் வீட்டையும் தானே இணைத்துக்கொள்கிறது.

3. இருமொழிப் படப் புத்தகங்களைத் தேடுங்கள். இங்கே மன்ரா லிங்குவா பதிப்பகமும், சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா பதிப்பகமும் இவ்வகை நூல்களை வெளியிட்டுள்ளன. தமிழ் வாசிக்க இயலாத பிள்ளையும், ஆங்கிலம் வாசிக்க இயலாத பேரனாரும் ஒரே பக்கத்தில் கூட இருக்கலாம்.

4. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. எரிந்ததற்கு ஈடாகாது எனினும், தேடுபவர் வெறுங்கையோடு திரும்பமாட்டார்.

5. கிடைக்காத நூலை நாமே செய்வோம். சில வெள்ளைத் தாள்களை மடித்துத் தைத்தால் எட்டுப் பக்கப் புத்தகம் ஆயிற்று. அம்மம்மா ஒரு சம்பவம் சொல்லட்டும், பிள்ளை படம் கீறட்டும், பக்கத்துக்கு ஒரு வரி எழுதுவோம். மூன்றாம் மாடியும் மின்தூக்கியும் சாமித்தட்டும் பனியும் புட்டும் ஒன்றாக வரும் நூலைக் கடையில் தேடிக் களைப்பதிலும் இது சுலபம்.

வகுப்பிலும் வீட்டிலும் பேச மூன்று கேள்விகள்

பாடிங்டன் உங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் எதைப் பார்த்து வியக்கும்? அன்னாவைப் போல ஒரு பொருளை மட்டும் எடுக்கலாம் என்றால் நீங்கள் எதை எடுப்பீர்கள்? உங்கள் அம்மாவோ அப்பாவோ விட்டுவந்த பொருள் எது? மூன்றாவது கேள்விக்குப் பெற்றோர் உண்மையான பதில் சொல்ல வேண்டும். பிள்ளைக்குத் தாங்கக்கூடிய அளவில் சொன்னாற் போதும்.

நவராத்திரியில் சரசுவதி பூசையன்று நாம் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களைச் சுவாமிக்கு முன் வைக்கிறோம். இம்முறை அவற்றோடு பிள்ளை தன் கையால் செய்த புத்தகத்தையும் கொண்டுவரும்படி பெற்றோரை அன்புடன் வேண்டுகிறோம். விசயதசமியன்று ஏடு தொடக்கல் நிறைவுற்றதும், மண்டபத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பக்கம் வாசிக்கட்டும். தமிழா ஆங்கிலமா என்று அன்று கேட்க மாட்டோம்.

அந்தச் சிறுமியின் படம் இன்னும் வகுப்புச் சுவரில்தான் இருக்கிறது. அதைத் திருத்திக் கீறும்படி நாம் சொல்லவில்லை. அவள் இப்போது அம்மம்மாவோடு சேர்ந்து புத்தகம் செய்கிறாளாம். சாமித்தட்டுக்கு என்ன நிறம் அடிப்பது என்று சென்ற கிழமை எம்மிடம் கேட்டாள். வீட்டில் இருப்பதைப் பார்த்து அடிக்கச் சொன்னோம்.