சேறு விடும் மூச்சு
(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

அரையாண்டு விடுமுறையில் மேலூர்ப் பக்கத்திலுள்ள என் தாத்தாவின் ஊருக்குச் சென்றிருந்தேன். நீர் நிறைந்த நெல் வயலில் காலை வைத்ததும் சேற்றிலிருந்து குமிழிகள் கிளம்பின. "இது என்ன தாத்தா?" என்றேன். "சேறு மூச்சு விடுது தாயி" என்றார். அது என்ன மூச்சு என்று பள்ளி திரும்பியதும் அறிவியல் ஆசிரியையிடம் கேட்டேன். அதன் பயனே இக்கட்டுரை.

அந்த மூச்சு மீத்தேன் வாயு. 1776ஆம் ஆண்டில் இத்தாலியில், ஏரிச் சேற்றைக் கோலால் கிளறி, எழுந்த குமிழிகளைப் புட்டியில் பிடித்து எரித்துப் பார்த்தார் வோல்ட்டா. ஆம், மின்கலம் செய்த அதே வோல்ட்டாதான்! நம் ஊர்ச் சாண எரிவாயுக் கலத்தில் உண்டாவதும் இவ்வாயுவே.

வயலில் நீர் தேங்கினால் மண்ணுக்குள் காற்று புகாது. இருக்கும் பிராணவாயு விரைவில் தீர்ந்துவிடும். பிறகு நைட்ரேட்டையும் இரும்புத் துருவையும் கொண்டு பிழைக்கும் நுண்ணுயிர்கள் சில காலம் ஆட்சி செய்யும். அவையும் ஓய்ந்த பின்னரே மீத்தேன் ஆக்கிகளுக்கு வேளை வருகிறது. இவை பாக்டீரியாக்கள் அல்ல. 'ஆர்க்கியா' என்னும் தனி இனம் என்று 1977இல் கார்ல் வூஸ் காட்டினார். வைக்கோலும் வேரும் மக்கிக் கிடைப்பதே இவற்றின் உணவு. காற்றோ இவற்றுக்கு நஞ்சு!

சேற்றின் மேற்பரப்பிலும் வேரைச் சுற்றியும் சிறிது பிராணவாயு உண்டு. அங்கே மீத்தேனைத் தின்னும் பாக்டீரியாக்கள் காவல் இருக்கின்றன. ஆனால் நெற்பயிரின் உடலுக்குள் காற்று இறங்கும் குழல்கள் உள்ளன அல்லவா? அவற்றின் வழியே மீத்தேனில் பெரும்பங்கு காவலை ஏய்த்து வெளியேறிவிடுகிறது. நாம் காணும் குமிழி சிறு பங்குதான். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன், கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது.

இதற்கு வழி உண்டு. நம் உழவர்கள் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்பார்களே, அதுதான். துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பின் மீண்டும் பாய்ச்ச வேண்டும். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக் கூடாது. மண்ணுக்குள் காற்று புகுந்தால் ஆக்கிகள் அடங்கும், உண்ணிகள் பெருகும். மீத்தேன் ஏறக்குறையப் பாதியாகக் குறையும், நீரும் மிச்சம். ஆனால் நைட்ரஸ் ஆக்ஸைடு என்னும் வேறொரு வாயு சற்றுக் கூடும் என்பதையும் மறைக்கக் கூடாது.

பொங்கலுக்குப் போனபோது இதைப் பெருமையுடன் தாத்தாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "தலைமடைக்காரங்களுக்கு அது சரி தாயி. நாம கடைமடை. முறைத் தண்ணி. இன்னிக்குக் காயவிட்டுட்டு, அடுத்த முறை தண்ணி வரலேன்னா?"

என்னிடம் பதில் இல்லை. 1895இல் பெரியாறு அணை கட்டி முடித்து, மலையைக் குடைந்து நீரைக் கிழக்கே திருப்பியதால்தான் இந்தப் பக்கம் நெல் விளைகிறது. எங்கள் பகுதிக்கு ஒரு போகம் மட்டுமே. கையிலிருக்கும் நீரை வயலில் தேக்கி வைப்பவரை எப்படிக் குறை சொல்வது? மடை எப்போது திறக்கும் என்பது உறுதியானால்தானே அவர் துணிந்து காயவிடுவார்!

கடைசியில் கிணற்றடி வயலில் மட்டும் அடுத்த ஆண்டு செய்து பார்க்க ஒப்புக்கொண்டார். குழாயில் துளை போடும் வேலை என்னுடையது.