அம்மாவின் கடைசி ஆசை

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. படுத்த படுக்கையாக இருக்கிறார். "என்னை எரிச்சிருங்க. மண்ணுல போட்டா மழைக்குக் கரைஞ்சிரும், அப்புறம் எங்கேன்னு தேடுவீங்க" என்கிறார். சித்தப்பாவோ, "பாட்டன், பூட்டன் எல்லாம் தேயிலை மலையிலதான் கிடக்காங்க, எரிக்கிறது நம்ம வழக்கமில்ல" என்று கோபப்படுகிறார். யார் பேச்சைக் கேட்பது? தகனத்துக்கு என்னென்ன செய்ய வேண்டும்?
வாசகி, நானுஓயா

பதில்: அம்மாவின் பேச்சைக் கேளுங்கள். அவர் சொன்னதைச் சித்தப்பா முன்னிலையில் இன்னொரு தரம் சொல்லச் செய்யுங்கள். சாவு வீட்டில் சத்தமாகப் பேசுகிறவரின் முடிவே நிலைத்துவிடும். இன்று அம்மா வாயால் சொன்னால் நாளை வாக்குவாதம் வராது. 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை, கொவிட்டால் இறந்த முஸ்லிம்களின் உடல்களையும் அரசு எரிக்கச் சொன்னது. அந்தக் குடும்பங்களின் காயம் இன்னும் ஆறவில்லை. எரிப்பதோ புதைப்பதோ, போகிறவரின் விருப்பத்தை மீறினால் இருப்பவர்கள்தான் அதைச் சுமக்கிறார்கள்.

எரிப்பது நம் வழக்கமில்லை என்கிறார் சித்தப்பா. ஆனால் சைவத்தில் இரண்டு வழக்கமும் உண்டு.

முதலில் பத்திரங்கள். வைத்தியசாலையில் உயிர் பிரிந்தால் மரண காரணச் சான்றிதழை வைத்தியர் தருவார். லயத்து வீட்டில் பிரிந்தால் தோட்ட அத்தியட்சகருக்கு உடனே அறிவியுங்கள். 1951ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் தோட்டங்களுக்குத் தனி ஒழுங்கு இருக்கிறது. விபத்து, திடீர்ச் சாவு என்றால் திடீர் மரண விசாரணை அதிகாரி பார்க்கும் வரை உடலை எம்பாம் செய்யக் கூடாது. இறப்புச் சான்றிதழில் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் சரியா என்று வாங்கும்போதே பாருங்கள். ஓர் எழுத்து பிழைத்தாலும் பிறகு அலைச்சல்தான்.

தகனசாலைகளைப் பெரும்பாலும் உள்ளூராட்சி சபைகளே நடத்துகின்றன. நேரம் ஒதுக்கும்போதே கட்டணம் எவ்வளவு, சபை எல்லைக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கூடுமா, சாம்பலை எப்போது தருவார்கள் என்று கேளுங்கள். மலர்ச்சாலையில் பெட்டி, எம்பாம், வாகனம் மூன்றுக்கும் தனித்தனியாக விலை எழுதி வாங்குங்கள். கடன் வாங்கிப் பெரிய பெட்டி எடுக்க வேண்டாம். அது எரியத்தான் போகிறது. தோட்டத்து மரண உதவிச் சங்கத்தில் சந்தா ஒழுங்காகக் கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அம்மாவின் நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். சூட்டில் வெடிக்கக்கூடும் என்பதால் அதை முன்பே எடுத்துவிட வேண்டும். நகைகளையும் கழற்றிவிடுங்கள். எரிவாயு உலையில் சூடு 800 பாகை செல்சியசையும் தாண்டும். ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். மிஞ்சுவது இரண்டு, மூன்று கிலோ எலும்புச் சாம்பல்.

சித்தப்பாவின் கோபத்தையும் தள்ளிவிடாதீர்கள். தலைமுறை தலைமுறையாகக் காணி உறுதி இல்லாமல் வாழ்ந்த சனத்துக்கு, தேயிலைக்கு நடுவே இருக்கும் அந்தக் குழிதான் "இது எங்கள் மண்" என்று சொல்ல இருந்த ஒரே சாட்சி. அதை விட்டுப் போவதா என்றுதான் அவர் தவிக்கிறார்.

அதனால் சாம்பலில் ஒரு பங்கை மகாவலியிலோ கீரிமலையிலோ கரையுங்கள். துணி, பிளாஸ்டிக் எதையும் ஆற்றில் போடாதீர்கள். கீழே இருப்பவர்கள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். மற்றப் பங்கை மண்கலயத்தில் வைத்து, தோட்டத்தில் கேட்டு, பாட்டனின் குழிக்குப் பக்கத்தில் புதையுங்கள். மழைக்குக் கரையாதபடி மேலே ஒரு கல் நட்டு, அம்மாவின் பெயரை எழுதுங்கள். அந்தக் கல்லைச் சித்தப்பா கையாலேயே நடச் சொல்லுங்கள்.