தீப்பெட்டிப் படத்தில் வந்த விண்கலம்

கறிகாய் வாங்குவோர்க்குக் கடைக்காரர் ஈற்றில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை இடுவர். அதனைக் கொசுறு என்பது வழக்கு. கொசுறுக்கு நிறையும் இல்லை, விலையும் இல்லை. ஆயினும் அது கிடையாத நாளில் வாங்கினவர் மனம் குறைபடுதலை யாவரும் அறிவர். பெரியோர்க்குக் கறிவேப்பிலை எத்தகையதோ, சிறுவர்க்குத் தீப்பெட்டியின் மேல் ஒட்டிய படம் அத்தகையதாயிருந்த காலம் ஒன்றுண்டு. குச்சி அடுப்படிக்கு, படம் பிள்ளைக்கு. அப்படங்களுள்ளும் நிலவும் விண்மீனும் ராக்கெட்டும் செயற்கைக்கோளும் பொறித்தவற்றையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அவற்றை நினைந்து உருகுவோர் எம் தூத்துக்குடியில் இன்றும் பலர். உருகாதோரும் உளர், அவர் பெரும்பாலும் கோவிற்பட்டிப் பக்கத்தார். இவ்விரு திறத்தாரையும் ஒருங்கு வைத்து நோக்கினாலன்றி அச்சிறு தாளின் வரலாறு நிரம்பாதென்பது எம் கருத்து.

முதற்கண் அத்தாள் தோன்றியவாற்றைக் காண்போம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாட்டில் எரிந்த தீக்குச்சிகள் பெரும்பாலும் சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலேறி வந்தவை. நம் மக்கள் விரும்பும் தெய்வப் படங்களைக்கூட அயல்நாட்டாரே அச்சிட்டுப் பெட்டியின் மேல் ஒட்டி அனுப்பினர். 1922ஆம் ஆண்டிலே சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் உறவினர் இருவர் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, மறு ஆண்டில் தம் ஊரில் அதனைத் தொடங்கினர். மழை பொய்க்கும் கரிசல் நிலத்திலே வேளாண்மையை மட்டும் நம்பியிருந்த குடிகளிடையே அத்தொழில் விரைந்து வேரூன்றிச் சாத்தூர், கோவிற்பட்டி முதலிய ஊர்களுக்கும் பரவிற்று. அதே 1923இல் சுவீடன் முதலாளிகளின் விம்கோ நிறுவனமும் இந்தியாவில் எழுந்தது. விம்கோவார் இயந்திரத்தாற் செய்தனர். கரிசற் சீமையார் கையாற் செய்தனர். இயந்திரத்துக்கு ஒரு படம் போதும். சிறு தொழிலகத்தார்க்கோ விற்கும் ஊருக்கு ஒரு படம், வாங்கும் வணிகருக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. எழுத்தறியாதார் கடைக்கு வந்து, “கப்பல் தீப்பெட்டி கொடுங்கள்” என்று படத்தைச் சொல்லியே கேட்பர். ஆதலின் படமே பெயர், படமே முத்திரை. இத்தனை படங்களையும் அச்சிட வேண்டியே சிவகாசியில் அச்சு இயந்திரங்கள் பெருகின. நாடெங்கும் சுவரிலே தொங்கும் சிவகாசி நாட்காட்டிகள் அப்பெருக்கத்தின் பின்விளைவே.

பிறையும் விண்மீனும் பழைய படங்களிலேயே உண்டு. 1957 அக்டோபர் 4ஆம் நாள் சோவியத்து நாட்டார் ஸ்புட்னிக்கை ஏவிய பின்னர் அவ்வானத்திற்குப் புதுக் குடிகள் வந்து சேர்ந்தனர். அடுத்த திங்களிலேயே லைக்கா என்னும் நாய் மேலே சென்றது. 1961 ஏப்பிரல் 12இல் யூரி ககாரின் சென்று மீண்டார். அவ்வாண்டு முடியுமுன் இந்தியாவுக்கும் வந்தார். 1969 சூலையில் மாந்தர் நிலவில் நடந்தனர். 1975 ஏப்பிரல் 19இல் நம் ஆரியபட்டா மேலேறிற்று. இரண்டு ரூபாய்த் தாளின் பின்புறத்தில் ஆரியபட்டாவின் படம் இடம்பெற்றது உண்மையே. ஆனால் இரண்டு ரூபாய்த் தாளைச் சேர்த்து வைக்கும் வளம் எந்தச் சிறுவனுக்கு இருந்தது? செய்தித்தாள் புகாத வீட்டிலும் தீப்பெட்டி புகும். கூரிய மூக்கும் மூன்று சிறகும் உடைய ஒரு ராக்கெட், அதன்கீழ் மஞ்சளும் சிவப்புமாய் நெருப்பு, பின்னே கருநீல வானம், ஓரத்தில் ஒரு நிலா. வரைந்தவர் உண்மை ராக்கெட்டைக் கண்டிருக்கமாட்டார் என்பது பார்த்த அளவிலே விளங்கும். சில படங்களில் அது தீபாவளி வாணத்தையே ஒத்திருக்கும். வாணமும் அவ்வூர்ச் சரக்கன்றோ!

இவ்வழக்கம் நமக்கே உரியதன்று. சோவியத்து நாட்டுத் தீப்பெட்டிகளிலும் விண்கலப் படங்கள் வந்தன. இங்கிலாந்திலே புரூக்பாண்டுத் தேயிலைப் பொட்டலங்களில் 1956ஆம் ஆண்டில் விண்வெளியைப் பற்றிய ஐம்பது படச்சீட்டுகள் ஒரு தொடராய் வந்தன. ஸ்புட்னிக்குக்கு ஓராண்டு முற்பட்டவை அவை. 1971இல் விண்வெளிப் போட்டியைப் பற்றி மீண்டும் ஐம்பது. அச்சீட்டுகளுக்கு எண் உண்டு. பின்புறத்தில் விளக்கம் உண்டு. ஒட்டிவைக்க ஏடும் சிறுவிலைக்குக் கிடைக்கும். ஐம்பதும் நிரம்பினால் ஒரு பாடப்புத்தகம் முடிந்தது போலாம். எம் பக்கத்துப் படத்துக்கு எண்ணும் இல்லை, விளக்கமும் இல்லை, ஏடும் இல்லை. பின்புறத்தில் பசை மாத்திரம் உண்டு. உலகில் மொத்தம் எத்தனை படங்கள் உள்ளன என்பதைச் சேர்ப்பவன் என்றும் அறியமாட்டான். எமக்கு இது குறையாகத் தோன்றவில்லை. விளக்கம் அச்சிடப்படாமையால் பிள்ளைகள் தாமே விளக்கம் படைத்துக்கொண்டனர்.

எம் தந்தையைப் பெற்ற தாத்தா 1960களில் கடற்கரையையடுத்த தெருவொன்றிற் சிறுவராயிருந்தவர். தோணிகள் கட்டிய கரையில் பீடி பற்றவைத்தோர் எறிந்த பெட்டி, உப்பளத்தார் வீசிய பெட்டி, தேநீர்க் கடை வாயிலிற் கிடந்த பெட்டி ஆகியவற்றையெல்லாம் அவரும் அவர் தோழரும் விடியலிலே சென்று பொறுக்குவராம். படத்தைக் கிழியாமல் உரித்தல் ஒரு கலை. பெட்டியை நீரிலே ஊறவைத்து, மரச்சீவல் இளகும் பதத்தில் ஓரத்தை நகத்தால் தூக்கிப் பிரித்து, சிலேட்டின்மேல் ஒட்டி உலர்த்துவர். கடற்காற்றின் ஈரத்திலே சில தாமே கழன்று வருமாம். பின்னர் அவை நாணயமாகும். மண்ணில் வட்டம் கீறி நடுவே படங்களை அடுக்கித் தொலைவிலிருந்து சில்லை எறிந்து, வெளியே தள்ளியவற்றை வென்றவன் கொள்வான். பூப்படம் பத்துக்கு ராக்கெட் படம் ஒன்று என்பது அத்தெருவின் மாற்று விகிதம். அதனை வகுத்தவர் யாரென்று கேட்டோம். “வகுப்பதாவது! எல்லாருக்கும் தெரியும்” என்றார்.

அக்கரையின் கடைசி அரசாங்க முத்துக்குளிப்பு 1961இல் நடைபெற்றது. ககாரின் பறந்த அதே ஆண்டு. முத்துக்குளிப்பிலே சிப்பிகளைத் திறவாமலே எண்ணி ஏலம் விடுவது மரபு. உள்ளே முத்து உண்டோ இல்லையோ, வாங்குவார் அறியார். ஏழைகளும் இரண்டொரு சிப்பி வாங்கிக் கரையிலேயே பிளந்து பார்ப்பர். மணலில் குப்புறக் கிடந்த தீப்பெட்டியைப் புரட்டிய பிள்ளையின் நெஞ்சத் துடிப்பும் அதுவேயாம் என்பர் எம் தாத்தா. கொற்கை முத்தைப் பற்றிச் சங்க நூல்களிற் படிக்கும் எமக்கு, முத்துக்குளிப்பு ஓய்ந்த கரையிலே பிள்ளைகள் வேறொன்றைக் குளிக்கத் தொடங்கினர் என்று சொல்லத் தோன்றுகின்றது. மிகையாயின் பொறுத்தருள்க.

நிலவைக் கைக்கு வருவிக்கும் வேட்கை நம் இலக்கியத்துக்குப் புதியதன்று. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் அம்புலிப் பருவம் ஒன்று. எம் கரையூராகிய திருச்செந்தூரைப் பகழிக்கூத்தர் பாடிய பிள்ளைத்தமிழிலும் அது உண்டு. குழந்தையோடு விளையாட வருமாறு சந்திரனைச் சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கு உபாயங்களாலும் அழைத்தல் அப்பருவத்தின் முறை. புகழ்ந்தும், வேறுபாடு காட்டியும், பயன் கூறியும், இறுதியில் அச்சுறுத்தியும் அழைத்தும் நிலவு இறங்கி வந்ததில்லை. தீப்பெட்டி அதனைச் சில காசுக்கு அடுக்களைக்கே கொணர்ந்தது. இவ்விடத்து இன்னொன்றும் சொல்லி மேற்செல்வோம். புறநானூற்றின் 27ஆம் பாட்டிலே பாகன் செலுத்தாத வானவூர்தி ஒன்று பேசப்படுதலைக் கொண்டு, பண்டைத் தமிழர் விமானம் செய்தனரென மேடைகளில் முழங்குவார் உளர். அப்பாட்டு நல்வினை செய்தார் எய்தும் மேலுலகத்தைப் பற்றியது, தொழிற்சாலையைப் பற்றியதன்று. கற்பனை என்ற அளவிலேயே அதற்குப் பெருமை போதும்.

இனி மறுதிறத்தாரிடம் வருவோம். எம் தாயைப் பெற்ற ஆச்சி கோவிற்பட்டிக்கு அணித்தான சிற்றூரிற் பிறந்து, ஒன்பதாம் வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குச் சென்றவர். தொழிலகத்தை ஆபீசு என்பது அப்பக்கத்து வழக்கு. மேசை நாற்காலி உள்ள இடமென்று மயங்கற்க. பொழுது புலருமுன்னே வண்டி வந்து ஊர் ஊராய்ப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும். சட்டத்திலே குச்சி அடுக்குவோர், பெட்டி ஒட்டுவோர், குச்சியைப் பெட்டியில் அடைப்போர், லேபிள் ஒட்டுவோர் எனப் பிரிந்து அமர்வர். மருந்தில் முக்கும் வேலை பெரியவர்க்கு. கூலி நாளுக்கன்று, எண்ணிக்கைக்கு. 144 பெட்டி ஒரு குரோசு. எம் ஆச்சி சில ஆண்டுகள் லேபிள் ஒட்டினார்.

தாத்தா தகரப் பெட்டியொன்றில் இன்றும் வைத்திருக்கும் படங்களுள் ஒரு ராக்கெட் படத்தை அவரிடம் காட்டினோம். அவர் அதனை வாங்கி, முகப்பை நோக்காமல், திருப்பிப் பின்புறத்தைப் பார்த்தார். “பசை கூடுனா தாளு சுருங்கிப்போகும்யா. சுருங்குனதைக் கணக்குல சேக்க மாட்டாக” என்றார். ராக்கெட் படம் உங்களுக்குப் பிடிக்குமா என்று வினவினோம். “அதை யாரு பாத்தா? கை ஓட்டத்துல ஓரந்தான் தெரியும். தலைகீழா ஒட்டுனா திருப்பிக் குடுத்துருவாக. நெருப்பு கீழ வரணும், அம்புட்டுத்தான் தெரியும்” என்றார். ஒரு படத்தையேனும் வீட்டுக்குக் கொண்டுவந்ததுண்டா என்றதற்கு, கட்டாக எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவார்கள் என்றார். சினமொன்றும் அவர் குரலில் இல்லை. மழை பெய்யாத ஆண்டுகளில் வீட்டில் உலை கொதித்தது அந்தக் காசினால் என்பதையும் அவரே எடுத்துரைத்தார்.

யாம் மேலே, விலையில்லாத படம் என்றோம். அது சேர்த்தவர் பக்கத்துக் கணக்கு. தெருப்பிள்ளையும் ஆபீசுப்பிள்ளையும் ஒரே வயதினர்; ஒரே தாளைத் தொட்டனர்; ஊர்களுக்கிடையே தொலைவு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஒருவர் முகப்பையும் மற்றவர் முதுகையும் கண்டனர். சட்டம் இல்லாமலும் இல்லை. 1938ஆம் ஆண்டுச் சட்டமே தீப்பெட்டிப் பட்டறைகளில் சிறு பிள்ளைகளை அமர்த்துவதைத் தடுத்தது. குடும்பத்தார் துணையோடு செய்யும் வேலைக்கு அது விலக்களித்தமையால், தடை பெரும்பாலும் தாளளவில் நின்றது. 1986இல் வேறொரு சட்டம் பிறந்தது. 1996 திசம்பர் 10ஆம் நாள், சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி நல்வாழ்வு நிதிக்குக் கட்டவேண்டுமென்று தீர்ப்பளித்தது. அதன்பிறகே வண்டிகள் மெல்ல மெல்லப் பள்ளிக்குத் திரும்பின. கோவிற்பட்டி வட்டாரத்து எழுத்தாளர் பூமணி இப்பிள்ளைகளின் வாழ்வைக் ‘கருவேலம் பூக்கள்’ என்னும் திரைப்படமாக்கினார். பழைய படங்களைப் பற்றி ஏக்கத்தோடு பேசுவோர் அதனை ஒருமுறை காண்பது நலம். ஏக்கம் கூடாதென்பது எம் கருத்தன்று. தாத்தாவின் தகரப் பெட்டியை யாமும் விரும்பித் திறக்கின்றோம். திறக்கும்போது இரு பக்கத்தையும் பார்க்கவேண்டுமென்கிறோம், அவ்வளவே.

எம் தலைமுறையார்க்கு உரித்தெடுக்க ஒன்றும் எஞ்சவில்லை. மரச்சீவற் பெட்டி அருகி அட்டைப்பெட்டி பரவியபின் படம் அட்டையிலேயே அச்சாகி வருகின்றது. ஒட்டும் கையும் இல்லை, உரிக்கும் கையும் இல்லை. 2021 திசம்பர் 1 முதல் ஒரு ரூபாய்ப் பெட்டி இரண்டு ரூபாயாயிற்று. மலிவான அயல்நாட்டு லைட்டர்களால் தொழில் நலிகின்றதென முறையிட்டதன்மேல், 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை மைய அரசு 2023 சூனில் தடுத்தது.

படத்தில் வந்த ராக்கெட்டோ எம் கரைக்கே வந்துகொண்டிருக்கின்றது. திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரன்பட்டினத்தில் நாட்டின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப்பாதை நோக்கிச் செல்லும் ராக்கெட் இலங்கையைத் தவிர்க்க வளைந்து செல்லல் வேண்டும். அவ்வளைவிலே எரிபொருள் வீணாகும். சிறு ராக்கெட்டுக்கு அது பேரிழப்பு. குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே கடலன்றி வேறில்லை. இச்செய்தியை ஆச்சிக்குச் சொன்னபோது, அங்கே வேலைக்கு எத்தனை படிப்புப் படிக்கவேண்டுமென்று மட்டும் கேட்டார்.

இப்படங்களை வீட்டில் வைத்திருக்கும் மாணாக்கர் எமக்குக் காட்டியுதவுவாராயின், ஒரு பட்டியல் தொகுக்க எண்ணியுள்ளோம். படத்தின் அடியோரத்தில் நுண்ணெழுத்தில் ஊர்ப்பெயர் அச்சிட்டிருக்கும்: சிவகாசி, சாத்தூர், கோவிற்பட்டி, குடியாத்தம் எனக் காணலாம். அதனையும், இன்னும் வீட்டிலோ தெருவிலோ லேபிள் ஒட்டிய கையுடையார் எவரேனும் இருப்பின் அவர் எந்த ஆண்டுகளில் எந்த ஊரில் ஒட்டினார் என்பதையும் உடன் குறித்துத் தருக. ஏடு ஒன்று ஆயத்தமாயுள்ளது. இதுவரை அதில் ஏறியவை தாத்தாவின் 112 படங்களும், ஆச்சி ஒருவரும்.